யாரையும் கேட்காத செய்தி

அத்தியாயம் 11

சென்ற வாரம் டெலியா செய்த காரியத்தைப் படித்துவிட்டு நீங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டீர்கள் என்று கேள்வி. வேலையைக் காப்பாற்றிக்கொள்ள யார்தான் செய்யமாட்டார்கள் என்று ஒரு கட்சி. பெற்றவளிடம்கூட ஒரு வார்த்தை கேட்காமல் எழுதினாளே, அவளெல்லாம் ஒரு நிருபரா என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்கும் இன்று பதில் கிடைத்துவிடும். அது சந்தோஷமான பதில் இல்லை என்பதை மட்டும் முன்னாலேயே சொல்லி வைக்கிறேன்.

இன்றுதான் கதைக்குள் வருகிறவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டெலியா சிட்னியில் ஒரு பெரிய பத்திரிகையின் அரசியல் நிருபர். தேர்தல் நேரம். பிரதமரோடு ஊர் ஊராகச் சுற்றும் நிருபர் கூட்டத்தில் அவளும் ஒருத்தி. போன வெள்ளிக்கிழமை பிரதமரின் ஊடக ஆலோசகர் ஃபெலன் அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு செய்தியைக் கொடுத்தான். அந்தத் தொழிலில் இதற்கு ‘டிராப்’ என்று பெயர். செய்தி உனக்கு மட்டும்தான், முதல் பக்கமும் உனக்குத்தான். ஆனால் அச்சேறும்வரை அதைப் பற்றி வேறு ஒருவரிடமும் கேட்கக் கூடாது. எதிர்க்கட்சியைக் கேட்கக் கூடாது, டாக்டரைக் கேட்கக் கூடாது, உள்ளூர்க்காரனையும் கேட்கக் கூடாது.

செய்தி இதுதான்: இரண்டு வருடமாக மூடிக் கிடக்கும் மெலூங்கா ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டு அடுத்த வாரமே திறக்கப்படுகிறது.

மெலூங்கா, டெலியா பிறந்து வளர்ந்த ஊர். அங்கே அவள் அம்மா ரோவினா ‘மெலூங்கா மெசஞ்சர்’ என்ற வாரப் பத்திரிகையை ஒற்றை ஆளாக நடத்துகிறாள். தங்கை கிர்ஸ்டியும் அங்கேதான் இருக்கிறாள், நிறைமாதம். வார்டை மூடிய வருடம் கிர்ஸ்டியின் முதல் குழந்தை, பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், நெடுஞ்சாலை வளைவு ஒன்றில் காருக்குள்ளேயே பிறந்து காருக்குள்ளேயே இறந்துபோனது.

வெள்ளிக்கிழமை டெலியா அம்மாவைக் கூப்பிடப் போனைக் கையில் எடுத்தாள். அம்மாவும் ஒரு பத்திரிகை ஆசிரியர்தானே, அவளிடம் பேசினால் நிபந்தனையை மீறியதாகிவிடுமே என்று கீழே வைத்தாள். சனிக்கிழமை அவள் பெயரோடு செய்தி முதல் பக்கத்தில் வந்தது. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி எங்கே போயிற்று என்பார்கள். டெலியாவின் மதி எங்கும் போகவில்லை. கூடவே இருந்தது, வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

*

புதன்கிழமை காலை. விமானம் புறப்படுகிறவரை எந்த ஊருக்குப் போகிறோம் என்று நிருபர்கள் ஒருவருக்கும் தெரியாது. பிரதமரோடு சுற்றுகிறவர்களுக்கு அதுதான் வழக்கம். பெட்டியை விடியுமுன் ஒப்படைத்துவிட வேண்டும், ஏறச் சொன்னால் ஏற வேண்டும், இறங்கச் சொன்னால் இறங்க வேண்டும். ஊர் பெயர் முன்கூட்டியே தெரிந்தால் எதிர்ப்பாளர்கள் வந்து நின்றுவிடுவார்கள் என்று காரணம் சொல்வார்கள். நிருபர்கள் அந்த ஊரில் நாலு பேரை விசாரித்து வைத்துவிடுவார்கள் என்பதும் ஒரு காரணம். அதை யாரும் சொல்வதில்லை.

“பூட்ஸ் போட்டுக்கச் சொல்லியிருக்காங்க,” என்றான் பக்கத்து இருக்கையில் இருந்த ஸ்டாவ், டிவி கேமராக்காரன். “அப்போ பண்ணைதான். ஆட்டுப் பண்ணைன்னு ஒரு பீர் பந்தயம்.”

“நேத்தும் ஆடுன்னுதான் சொன்னே. மீன் சந்தையில கொண்டுபோய் இறக்கினாங்க.”

“நாத்தம் ஒண்ணுதானே. பாதி ஜெயிச்ச மாதிரி.”

டெலியா சிரித்தாள். சிரித்தபடியே காலையில் அனுப்ப வேண்டிய முதல் செய்தியைத் தட்டிக்கொண்டிருந்தாள். முன்பு நாலு பேர் செய்த வேலையை இப்போது அவள் ஒருத்தி செய்கிறாள். இணையத்துக்கு ஒன்று, அச்சுக்கு ஒன்று, நடுவில் கேமராவைப் பார்த்துப் பேச ஒன்று. மற்ற மூவரும் போன வருட ஆட்குறைப்பில் கேக் வெட்டி விடைபெற்றுப் போனார்கள். அடுத்த பட்டியல் தேர்தல் முடிந்ததும் வரும் என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

சின்ன விமானத் தளம் ஒன்றில் இறக்கிப் பஸ்ஸில் ஏற்றினார்கள். செம்மண், வேலிக்கம்பிகள், தலை சாய்ந்த கோதுமை. ரயில் பாதையோரத்தில் உயரமான தானியக் குதிர்கள் தெரிந்தன. நடுக் குதிரின் முழு உயரத்துக்கும் ஒரு ஆட்டுநாய் வரைந்திருந்தது, ஒரு காது மடங்கியிருந்தது. அந்தக் காதுக்கு வண்ணம் அடிக்கும்போது கீழே நின்று படம் எடுத்து ‘மெசஞ்சர்’ முதல் பக்கத்தில் போட்டவள் அவள் அம்மா.

டெலியாவின் விரல் நின்றுவிட்டது.

“என்ன, பேய் பாத்த மாதிரி இருக்கே?” என்றான் ஸ்டாவ்.

“எங்க ஊர்.”

“அட, அதிர்ஷ்டக்காரி. அம்மா கையால சாப்பாடு.”

அவள் போனை எடுத்துப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அம்மா நாலு முறை கூப்பிட்டிருந்தாள். ஒரு முறையும் எடுக்கவில்லை. வேலை மும்முரம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பயம் என்பதுதான் நிஜம்.

*

ஆஸ்பத்திரி வாசலில் நீல ரிப்பன். ஊர்க்காரர்கள் ஐம்பது அறுபது பேர், சீருடையில் பள்ளிப் பிள்ளைகள், ஒரு மேசை நிறைய லாமிங்டன் கேக். நிருபர்களைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிறுத்தினார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம், ‘உள்ளூர் ஊடகம்’ என்று எழுதிய அட்டைக்கு அடியில், ரோவினா தனியாக நின்றிருந்தாள். அந்த இடத்தில் ஒரு காலத்தில் ரேடியோக்காரரும் டிவிக்காரரும் அவளோடு தோளை இடித்துக்கொண்டு நிற்பார்கள். ரேடியோ இப்போது சிட்னியிலிருந்தே பேசுகிறது. டிவி அலுவலகம் இருந்த இடத்தில் நாய்களுக்கு முடி வெட்டுகிறார்கள்.

டெலியா கயிற்றருகே போனாள்.

“வந்துட்டியா,” என்றாள் அம்மா. கட்டிக்கொள்ளவில்லை.

“எங்கே போறோம்னு எங்களுக்கே சொல்லலம்மா.”

“அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாதது வேற. சனிக்கிழமை செய்தி எழுதறதுக்கு முன்னாடி யாரைக் கேட்டே?”

டெலியா கீழே பார்த்தாள்.

“டிராப்பா?”

டெலியா கயிற்றின் முடிச்சை நெருடினாள்.

“சரி. நீ சொல்லாதே, அது உன் தொழில் தர்மம். நான் சொல்றேன் கேளு. உள்ளே இருக்கிற கட்டிலெல்லாம் நேத்து லாரியில வந்துது. பிரசவம் பாக்க ஒரு நர்ஸ் இல்லை, டாக்டர் இல்லை. வேலைக்கு ஆள் வேணும்னு இன்னும் விளம்பரமே கொடுக்கல. இந்த ஊர்ல யாரை எழுப்பிக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாங்க. நாயைக் கேட்டிருந்தாக்கூடச் சொல்லியிருக்கும்.”

“அடுத்த வாரம் திறக்கறோம்னு தெளிவா சொன்னாங்கம்மா.”

“திறந்துட்டாங்களே. அதோ ரிப்பன்.”

தப்பு என்பது இத்தனை நாள் ஒரு வார்த்தையாகத்தான் இருந்தது. எல்லா நிருபர்களும் செய்கிற தப்பு, திருத்தம் போட்டால் போய்விடுகிற தப்பு. அம்மா அடுத்துச் சொன்னது அப்படிப் போகக் கூடியதாக இல்லை.

“கிர்ஸ்டி ரூமை ரத்து பண்ணிட்டா.”

வார்டை மூடியதிலிருந்து மெலூங்காப் பெண்கள் நாள் நெருங்கும்போது பெட்டியோடு பெரிய ஊருக்குப் போய்விடுவார்கள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அறை எடுத்து, வலி வரும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கிர்ஸ்டி முந்தாநாள் திங்கட்கிழமையே போயிருக்க வேண்டும்.

“ஏன் ரத்து பண்ணினா? நீ சொல்லலையா?”

“தொண்டை வறளச் சொன்னேன். ‘டெல் எழுதியிருக்கா, முதல் பக்கத்துல எழுதியிருக்கா, அவ விசாரிக்காம எழுதமாட்டா’ன்னா. உன் பேப்பரை வெட்டி ஃபிரிட்ஜ்ல ஒட்டி வெச்சிருக்கா. அந்த ரூமை அன்னிக்கே வேற ஒருத்தி எடுத்துட்டா. இப்போ அந்த ஊர்ல விவசாயக் கண்காட்சி. மாட்டுக் கொட்டாய்கூடக் காலி இல்லை.”

கூட்டத்துக்கு நடுவில் கிர்ஸ்டி கையை ஆட்டினாள். முகமெல்லாம் சிரிப்பு. இன்னொரு கை இடுப்பின் பின்பக்கம் அழுத்திக்கொண்டிருந்தது. அது டெலியாவின் கண்ணில் பட்டது, மனதில் பதியவில்லை.

*

ஃபெலன் வந்தான். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தான், கிராமத்துக்கு வந்தால் அப்படி.

“டெல், இன்னிக்கு உனக்குக் கேள்வி வேண்டாம். மத்தவங்க கேக்கட்டும். உன் பங்கு முதல் பக்கத்துலயே முடிஞ்சுபோச்சு.”

“நர்ஸ் இருக்காங்களா?”

“என்ன?”

“அந்த வார்டுல நர்ஸ் இருக்காங்களா, ஃபெலன்?”

அவன் தோளில் தட்டினான். “ஆள் எடுக்கற வேலை போயிட்டிருக்கு. வெள்ளிக்கிழமைக்கு உனக்கு இன்னொண்ணு வெச்சிருக்கேன். இதைவிடப் பெரிசு. கெடுத்துக்காதே.”

பிரதமர் ரிப்பனை வெட்டினார். யாருடைய குழந்தையையோ வாங்கித் தூக்கினார், கேமராக்கள் அந்தக் காட்சியைத் தின்று தீர்த்தன. பிறகு ஒலிவாங்கிகளுக்கு முன் வந்து நின்றார். முதல் கேள்வி உள்ளூர்க்காரருக்கு என்பது மரியாதை. உள்ளூர்க்காரர்கள் பெரும்பாலும் நன்றி சொல்லிவிட்டுச் சுலபமாக ஒன்று கேட்பார்கள். ஃபெலன் சிரித்துக்கொண்டே ரோவினாவைக் காட்டினான்.

“ரோவினா, மெலூங்கா மெசஞ்சர். இந்த வார்டுல பிரசவம் பாக்கப் போற நர்ஸ் பேரு என்ன, பிரதமரே? ஒரே ஒரு பேரு போதும்.”

ஃபெலன் சிரிப்பை நிறுத்தினான்.

பிரதமர் நிதானமாகத் தலையாட்டினார். “நியாயமான கேள்வி. இந்த ஊர்ப் பெண்கள் பட்ட கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனா இந்த வார்டைப் பத்தி நான் பேசறதைவிட, நாட்டோட பெரிய பத்திரிகை ஒண்ணு என்ன எழுதியிருக்குன்னு பாருங்க.” பக்கத்தில் நின்றவன் நீட்டிய தாளை வாங்கி உயர்த்திக் காட்டினார். சனிக்கிழமை முதல் பக்கம். “இது அரசாங்க அறிக்கை இல்லை. சுதந்திரமான பத்திரிகை. எழுதினது இந்த ஊர்ப் பொண்ணு. அவங்களைவிட இந்த ஊர் மேல யாருக்கு அக்கறை இருக்கப்போகுது?”

யாரோ கை தட்டினார்கள். பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து தட்டினார்கள். கிர்ஸ்டியும் தட்டினாள். கையை உயர்த்தித் தட்டிக்கொண்டே அக்காவைப் பார்த்தாள்.

டெலியா வாழ்க்கையில் எத்தனையோ அவமானங்களைப் பார்த்திருக்கிறாள். கைதட்டலோடு ஒன்று வந்தது இதுதான் முதல் தடவை.

“பிரதமரே,” என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது. “இன்னிக்கு ஒரு பெண்ணுக்கு இங்கே வலி வந்தா, உள்ளே யார் இருப்பாங்க?”

“டெலியா,” என்றார் பிரதமர், அன்பாக. “அதைத்தான் நீங்களே அழகா எழுதிட்டீங்களே.”

சிரிப்பு எழுந்தது. அவளோடு பஸ்ஸில் வந்தவர்களும் சிரித்தார்கள். அவர்களில் ஒருவராவது அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்டிருக்கலாம். அடுத்துக் கேட்டவர், காலையில் எதிர்க்கட்சித் தலைவர் ரேடியோவில் உளறியதைப் பற்றிக் கேட்டார். எல்லா அலுவலகமும் அதைத்தான் கேட்டு வாங்கச் சொல்லியிருந்தது. பிரதமர் அதற்கு உற்சாகமாகப் பதில் சொன்னார். அப்புறம் ஃபெலன் ‘நன்றி’ என்றான், ஆகிவிட்டது.

*

ஆஸ்பத்திரிச் சுவரோரம் நின்று டெலியா தன் பத்திரிகையின் ஆசிரியரைப் போனில் கூப்பிட்டாள்.

“நம்ம செய்தி தப்பு. வார்டு இருக்கு, ஆள் இல்லை. இப்பவே இணையத்துல மாத்தணும். ஜனங்க அதை நம்பி...”

“நம்ம முதல் பக்கத்தை நாமளே தப்புன்னு சொல்லணும். தேர்தலுக்கு முன்னாடி. அப்படித்தானே சொல்றே?”

“ஆமா.”

“வக்கீல்கிட்ட கேட்கறேன். நாளைக்குப் பேசலாம். நீ இப்போ பஸ்ல இருக்கியா இல்லையா?”

பஸ் ஹாரன் அடித்தது. ஸ்டாவ் படியில் நின்றபடி கையால் கூப்பிட்டான். அந்த நேரத்தில் ரோவினா உள்ளேயிருந்து வேகமாக வந்தாள். அம்மா ஓடி டெலியா பார்த்ததில்லை.

“உள்ளே வா.”

வார்டில் புதுப் பெயிண்ட் வாசனை. நடுக்கட்டிலில், பிரிக்காத பிளாஸ்டிக் உறையின் மேல், கிர்ஸ்டி உட்கார்ந்திருந்தாள். கையுறை போட்ட ஆள் ஒருவன் தள்ளுவண்டியோடு முன்னால் நின்று தவித்துக்கொண்டிருந்தான்.

“கோச்சுக்காதீங்க,” என்றான். “நீங்க கொஞ்சம் எழுந்தீங்கன்னா இந்தக் கட்டிலை லாரியில ஏத்திடுவேன். நாளைக்கு வேற ஊர்ல இறக்கணும்.”

கிர்ஸ்டி அக்காவை நிமிர்ந்து பார்த்தாள். நெற்றியில் வியர்வை.

“காலையிலேர்ந்தே வலிக்குது, டெல். அம்மாகிட்ட சொல்லல, பயந்துப்பாங்கன்னு. இங்கேதான் வார்டு இருக்கேன்னு இருந்துட்டேன்.” கட்டிலின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். “இவர் ஏன் கட்டிலைக் கேக்கறார்?”

டெலியா ஆளைத் தேடி நடைவழிக்கு ஓடினாள்.

அவசரப் பிரிவில் இருந்த ஒரே நர்ஸ் வந்து பார்த்தாள். குழந்தை குறுக்கே கிடக்கிறது, இங்கே ஆபரேஷன் செய்ய வழியில்லை என்றாள். ஊரிலிருந்த ஒரே ஆம்புலன்ஸ் பிரதமரின் வண்டி வரிசைக்குப் பின்னால் விமானத் தளத்துக்குப் போயிருந்தது. பிரதமர் வந்தால் அது அவர் கூடவே போக வேண்டும் என்பது விதிமுறை.

“இப்பவே கார்ல கிளம்பினீங்கன்னா பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துடலாம்,” என்றாள். “நான் போன் பண்ணி அங்கே தயாரா இருக்கச் சொல்றேன். ஆம்புலன்சை எதிர்பாத்து உக்காந்தா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது.”

கிர்ஸ்டியின் கணவன் அறுவடை இயந்திரத்தோடு அடுத்த மாநிலத்தில் இருந்தான். போன் போய்ச் சேரவில்லை. ரோவினாவின் பழைய காரின் பின்இருக்கையிலிருந்து விற்காத ‘மெசஞ்சர்’ கட்டுகளை டெலியா அள்ளி வெளியே போட்டாள். அம்மாவும் தங்கையும் பின்னால் ஏறினார்கள். அவள் வண்டியை எடுத்தபோது பஸ் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. கடைசி ஜன்னலில் ஸ்டாவின் முகம் தெரிந்தது. அவன் கேமராவைத் தூக்கவில்லை.

*

பிற்பகல் வெயில் சாலையில் ஆடியது. கிர்ஸ்டியின் தலை அம்மா மடியில். வலி வரும்போது முனகுவாள், போனதும் கண்ணைத் திறந்து மேலே பார்ப்பாள்.

“ரத்தமா இருக்காம்மா?”

“இல்லடா கண்ணு. தண்ணிதான்.”

டெலியாவின் போன் ஒளிர்ந்தது. ஃபெலனின் குறுஞ்செய்தி. *பஸ்ல உன்னைக் காணோம். வெள்ளிக்கிழமை விஷயம் இன்னும் உனக்குத்தான். நிபந்தனை பழையதே.* அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

இரண்டு முறை வலி வந்து போயிற்று. பிறகு ரோவினா கண்ணாடியில் மூத்த மகளின் கண்ணைப் பார்த்தாள்.

“நாளைக்கு எனக்கு அச்சு நாள், டெல்.”

“தெரியும்.”

“நடந்ததை எழுதப்போறேன். சனிக்கிழமை செய்தியையும் சேர்த்துத்தான். எழுதினவளைக் கேக்காம நான் எழுதமாட்டேன். உன் தரப்பு என்ன?”

“அம்மா, இப்பவா?”

“அப்புறம்னா எப்போ? யாரையாவது கேட்டியா? ஒருத்தரையாவது?”

சாலை நேராக, முடிவில்லாமல் கிடந்தது. யார் கொடுத்தது என்று சொல்லக் கூடாது. அது தர்மம், அதை அவள் மீறமாட்டாள். நிபந்தனையை வெளியே சொன்னாலே போதும், பஸ்ஸில் அவள் இருக்கை போய்விடும். பட்டியல் வரும்போது அவள் பெயர் முதலில் இருக்கும். எல்லாம் தெரிந்தது. இவ்வளவு தெளிவாக அவளுக்கு எதுவும் தெரிந்ததில்லை.

“இல்லை,” என்றாள். “யாரையும் கேக்கல. கேக்கக் கூடாதுங்கற நிபந்தனையோட வாங்கினேன். யார் கொடுத்ததுன்னு சொல்லமாட்டேன்.”

“இது உன் பேரோட போகுமா?”

“என் பேரோடயே போடு.”

“சரி,” என்றாள் ரோவினா. குரல் உடைந்திருந்தது. அழுவது ஆசிரியரா அம்மாவா என்று டெலியா கேட்கவில்லை.

கிர்ஸ்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள். அடுத்த வலி வந்து, முறுக்கி, மெதுவாக விட்டது. மூச்சு வாங்கக் கேட்டாள்.

“டெல்... அந்த வளைவு வந்துடுச்சா?”

முன்னால் வேலிக்கம்பத்தில் இறந்த குழந்தைக்காக ரோவினா இரண்டு வருடம் முன்பு கட்டிய வெள்ளைத் துணி, வெயிலில் மங்கி, காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. டெலியா அழுத்தமாக வண்டியை ஓட்டினாள்.

“இன்னும் வரலடா. ரொம்ப தூரம் இருக்கு.”

கார் வளைவில் திரும்பியது. கிர்ஸ்டியின் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவள் அக்காவின் முதுகை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“அம்மா,” என்றாள், “நீ சொல்லு.”